நிரந்தர வேலை கேட்கும் சங்கம் நகரத்துக்கு எதிரியா? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களை முன்வைத்து

பெரம்பூர்வாசி:
2025 ஆகஸ்ட் 1 முதல் 13ஆம் தேதி நள்ளிரவு வரை சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 5, 6ஆம் மண்டலங்களின் (ராயபுரம், திரு.வி.க. நகர்) குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது, எங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. உழைப்போர் உரிமை இயக்கம் என்ற தொழிற்சங்கம் அதை நடத்தியது. உயர் நீதிமன்றம் நடைபாதையிலிருந்து அகற்றச் சொன்ன பிறகு போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது.

அவர்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த நாட்களில் எங்கள் தெரு முனையில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனார்கள். சங்கத்திலிருந்து ஒருவர்கூட எங்களிடம் வந்து, "இதனால்தான் போராடுகிறோம்" என்று சொல்லவில்லை. சொத்து வரி கட்டுகிறவன் கேட்கிறேன்: இந்தச் சங்கத்தின் கணக்கில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?

புளியந்தோப்பு மகள்:
ஐயா, என் அம்மா பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தெரு கூட்டுகிறார். விடியற்காலையில் போய் வருகை பதிய வேண்டும். பிறகு பேட்டரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக விசில் அடிக்க வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கிற வீடுகள் குறைவு. அம்மா கையை உள்ளே விட்டுத்தான் பிரிப்பார். உடைந்த பாட்டில், ஊசி, நாப்கின் எல்லாம் அதில்தான் இருக்கும். கையுறை கிழிந்தால் அடுத்தது வரும்வரை பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்வார்.

மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரை இறைக்காமல் மற்றவர்கள் தெருவைச் சுத்தம் செய்யப் போனவர் அவர். கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று சால்வை போர்த்தினார்கள். நிரந்தரம் என்று கேட்டதும் நடைபாதையை ஆக்கிரமித்தவர் ஆகிவிட்டார்.

மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்கள் தனியாரிடம் போனால் 16,000 சொச்சம்தான் என்றால், வாடகையும் பிள்ளைகள் படிப்பும் எதில் நடக்கும்? நீங்கள் சொல்லுங்கள்.

வரவு செலவு:
சகோதரி, உங்கள் அம்மாவின் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. விஷயம் வேறு. நிரந்தரப் பணி என்றால் இன்றைய சம்பளத்தோடு முடியாது. ஊதியக் குழு, பணிக்கொடை, ஓய்வுக்காலப் பலன் என்று முப்பது ஆண்டுகளுக்கான பொறுப்பு. மழைநீர் வடிகாலுக்கும் சாலைக்கும் அதே பணப்பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று சொல்லிவிட்டது. இவர்கள் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் வழியாக வந்தவர்கள். தனியாரிடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுப்பு எல்லாம் உண்டு என்று மாநகராட்சி சொல்கிறது. அதையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்?

சட்ட மாணவன்:
உமாதேவி தீர்ப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அதற்கு வரம்பு கட்டியது. மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் நெடுங்காலம் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களின் வழக்கு அது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டு, உமாதேவியைக் காட்டி அவர்களை வெளியே தள்ளக் கூடாது என்று சொல்லி, பணி வரன்முறை செய்ய உத்தரவிட்டது. குப்பை அள்ளுவதைவிட நிரந்தரமான வேலை எந்த நகரத்தில் இருக்கிறது?

தமிழ்நாட்டுக்கென்றே 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது: 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும்.

இனி மற்ற ஊர்களைப் பாருங்கள். மும்பையில் கச்ரா வாஹதுக் ஷ்ரமிக் சங்கம் ஒப்பந்தத் தொழிலாளர்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் வழக்கு நடத்தியது. 2017இல் 2,700 பேரை நிரந்தரமாக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பெங்களூரில் பௌரகார்மிகர்கள் (அங்குள்ள தூய்மைப் பணியாளர்கள்) முதலில் ஒப்பந்ததாரரை நடுவிலிருந்து அகற்றி, நேரடிச் சம்பளத்தைப் போராடி வாங்கினார்கள். 2025 மே தினத்தன்று அங்கே 12,000க்கும் அதிகமானவர்களுக்கு நிரந்தர ஆணை கொடுக்கப்பட்டது. அந்த நகரங்கள் இதனால் திவாலாகிவிட்டனவா?

வரவு செலவு:
1981 சட்டம் 'தொழில் நிறுவனம்' என்று வரையறுத்தவற்றுக்குத்தான். மாநகராட்சி அதற்குள் வருமா என்பதே வாதத்துக்குரியது. இந்தச் சங்கம் போட்டு ஆகஸ்டில் தீர்ப்பான வழக்கிலும் தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்ய நீதிபதி மறுத்துவிட்டார், கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்று மட்டும்தான் சொன்னார்.

புளியந்தோப்பு மகள்:
அந்த 'மட்டும்' எப்படி வந்தது? வழக்குப் போட ஒரு சங்கம் இருந்ததால்தானே? அவர்களை அப்புறப்படுத்திய கையோடு, ஆகஸ்ட் 14 அன்று அமைச்சரவை கூடி காலை உணவு, காப்பீடு என்று அறிவித்ததும் அந்தப் பதின்மூன்று நாளால்தான். வீட்டில் சும்மா இருந்திருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

பெரம்பூர்வாசி:
சம்பளத்தைக் குறைப்பது அநியாயம். இதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பெரும்பாலான மண்டலங்களில் பல ஆண்டுகளாகத் தனியார்தான் குப்பை எடுக்கிறார்கள். அங்கே நகரம் நின்றுவிடவில்லை. நிரந்தரமான பிறகு ஒருவர் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை என்றால் நான் யாரிடம் போவேன்? சங்கம் அவரைக் காப்பாற்றுமா, என்னைக் காப்பாற்றுமா?

ஆலைத் தொழிலாளி பேரன்:
நான் சங்கத்தின் பக்கம். இருந்தும் பெரம்பூர்வாசியின் முதல் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

ஆறாவது மண்டலத்துக்குப் பெயர் தந்த திரு.வி.க., 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். பின்னி நெசவாலைத் தொழிலாளர்களைத் திரட்டிய சங்கம் அது. 1921 வேலைநிறுத்தத்தில் அது உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. எங்கள் தாத்தா அதைச் சொல்லும்போது நிர்வாகத்தை மட்டும் திட்டமாட்டார். ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் ஒரே தெருவில் சேர்ந்து வாழாததால் சங்கத்துக்கு அடித்தளமே இல்லை என்பார்.

இன்று குப்பை வண்டி தள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் தனி டம்ளரில் கொடுக்கிறார்கள் என்பதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கங்களில் எத்தனை, ஆகஸ்டில் ரிப்பன் மாளிகைக்கு ஒரு குடம் தண்ணீர் அனுப்பின? எங்களிடம் யாரும் வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் போனீர்களா?

பெரம்பூர்வாசி:
போகவில்லை. அழைத்திருந்தால் போயிருப்பேன். என் நிலை மாறவில்லை: நிரந்தரப் பணியோடு, குடியிருப்போர் கேள்வி கேட்கிற ஏற்பாடும் வேண்டும். இரண்டாவதைச் சங்கம் பேசியதே இல்லை.

புளியந்தோப்பு மகள்:
அப்படியானால் பேசுவோம். 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. எங்கள் பகுதி சபை அடுத்து கூடும்போது அம்மாவையும் அவரோடு வேலை செய்கிறவர்களையும் அழைத்துப் போகிறேன். எத்தனை தெருவுக்கு எத்தனை பேர், வண்டி எத்தனை, கையுறை எப்போது வந்தது என்று அவர்களே சொல்வார்கள். நீங்கள் உங்கள் வார்டில் தனியார் ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். ஒரு தெருவுக்கு எத்தனை ஆள் என்று அதில் எழுதியிருக்கிறதா, இல்லை எத்தனை டன் என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு இங்கே போடுங்கள்.

பெரம்பூர்வாசி:
கேட்கிறேன். கவுன்சிலர் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறேன். ஒப்பந்தத்தில் ஆள் கணக்கு சரியாக இருந்தால், தனியார் வேண்டாம் என்ற உங்கள் வாதத்தை மறுபடி எதிர்ப்பேன்.