உதவி தேவை: குளிரில் தீ சுருங்கும் கேஸ் அடுப்பு, எடை குறைந்த வேறு அடுப்பு எது?

அதியமான்கோட்டையான்:
வணக்கம். சென்ற ஞாயிறு விடியற்காலையில், தருமபுரி அருகே வத்தல்மலையில் நண்பரின் நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தபோது என் மடக்கு கேஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். முதலில் நன்றாக எரிந்த தீ, பத்து நிமிடத்திற்குள் மெழுகுவத்திச் சுடர் அளவுக்குச் சுருங்கிவிட்டது; தேநீருக்கு வைத்த தண்ணீர் கடைசிவரை கொதிக்கவில்லை. கேஸ் கேனைக் குலுக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் மீதம் இருப்பது தெரிகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து மதியம் பற்றவைத்தால் குறையின்றி எரிகிறது. அடுத்த மாதம் பெரிய பயணம் ஒன்று இருப்பதால், அதற்குள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் எடை குறைந்த வேறு அடுப்பு வாங்க வேண்டும். எதை வாங்கலாம் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

பாலக்கோடு பட்டறை:
கேஸ் வெளிவரும் ஜெட் துளையில் தூசி அடைத்திருக்கும். பர்னரைக் கழற்றி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். புதிய அடுப்பு தேவையே இல்லை.

ஓசூர் நடையன்:
நண்பரே, நான்கு செய்திகளைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கேன் எந்த வகை, நீளமானதா, அல்லது மேலே திருகு மரை உள்ள குட்டையானதா? பெரிய பயணம் எந்த மலைக்கு, எந்த மாதத்தில்? எத்தனை பேருக்குச் சமையல்? பேருந்தா, ரயிலா, சொந்த வண்டியா? இவை தெரியாமல் எந்த அடுப்பைச் சொன்னாலும் உங்கள் பணம் வீணாகலாம்.

தொப்பூர் கணவாய்:
எரிசாராயம் ஊற்றி எரிக்கும் ஸ்பிரிட் அடுப்பே சிறந்தது என்பது என் பல ஆண்டு அனுபவம். இரண்டு குளிர்பான டின்களை வெட்டிச் செய்துகொண்டால் செலவே இல்லை, கையில் எடுத்தால் எடையே தெரியாது, கெட்டுப்போக அதில் ஒரு பாகமும் இல்லை.

காவேரிப்பட்டணம் மூத்தவர்:
தம்பி, இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விளக்கம் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழையவற்றைப் படிக்கும் பழக்கம் இன்றைய பிள்ளைகளிடம் இல்லை. ஜெட் அடைத்திருந்தால் மதியமும் எரியாது என்பதைப் பட்டறைக்காரர் யோசித்திருக்க வேண்டும். குளிருக்கு ஏற்றது மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் மட்டுமே. 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய அந்த அமைப்பைத்தான் துருவப் பயணங்களுக்கே கொண்டுபோனார்கள். எரிபொருளுக்கு நாமே பம்ப் அடித்து அழுத்தம் கொடுப்பதால் குளிர் அதை ஒன்றும் செய்யாது.

தொப்பூர் கணவாய்:
ஐயா சொல்வது உண்மைதான். ஆனால் பித்தளைத் தொட்டியுடன் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் பொருளை, எடை குறைவாக வேண்டும் என்று கேட்பவருக்கு எப்படிப் பரிந்துரைப்பது? மண்ணெண்ணெய் இன்று எந்தக் கடையில் எளிதாகக் கிடைக்கிறது?

காவேரிப்பட்டணம் மூத்தவர்:
ஸ்பிரிட் மட்டும் மளிகைக் கடையில் கிடைக்கிறதா? அதற்கும் கட்டுப்பாடு உண்டு. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. எரிவது தெரியாமல் மேலும் ஊற்றப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதியமான்கோட்டையான்:
மன்னிக்கவும், எல்லாம் தெரிந்த செய்தி என்று நினைத்து விட்டுவிட்டேன். நீளமான கேன், அதை அடுப்போடு பொருத்த ஒரு இணைப்பான் மாட்டியிருக்கிறேன். மேலே பியூட்டேன் என்று மட்டும் எழுதியிருக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் உத்தரகாண்டின் கேதார்காந்தா செல்கிறோம். நானும் தம்பியும் மட்டும், மலையில் நான்கு நாள். பெங்களூரிலிருந்து டெல்லி வழியாகத் தேராதூன் வரை ரயில். இரண்டு கேன்களைப் பையிலேயே கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம்.

ஓசூர் நடையன்:
இப்போது காரணம் தெளிவாகிறது. உங்கள் அடுப்பில் பழுதே இல்லை. பியூட்டேனின் கொதிநிலை சுமார் மைனஸ் அரை பாகை (டிகிரி செல்சியஸ்). அதற்குக் கீழே அது கேனுக்குள் திரவமாகவே கிடக்கும். வத்தல்மலையில் அவ்வளவு குளிர் இல்லையே என்று கேட்பீர்கள். திரவம் ஆவியாகும்போது கேனின் வெப்பத்தையே உறிஞ்சிக்கொள்வதால், வெளியே பன்னிரண்டு பாகை இருந்தாலும் எரிய எரியக் கேன் தானாகவே குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, தீ சுருங்குகிறது. கேனைத் தொட்டிருந்தால் சில்லென்று இருந்திருக்கும். உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைந்து பியூட்டேனின் கொதிநிலையும் ஓரளவு இறங்கும் என்றாலும், டிசம்பர் இரவின் குளிர் அந்த ஆதாயத்தை விழுங்கிவிடும்.

ஆகவே மாற்ற வேண்டியது முதலில் எரிபொருளை. ஐசோபியூட்டேன் மைனஸ் 11 அல்லது 12 பாகையிலும், புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலும் கொதிப்பவை. இரண்டும் கலந்த, திருகு மரை உள்ள 230 கிராம் கேனை வாங்குங்கள். அதன் தலையில் நேராகத் திருகும் சிறிய அடுப்புகள் நூறு கிராம் அளவிலேயே கிடைக்கின்றன, உங்கள் தொகைக்குள் அடங்கும். மிக மலிவானதில் தாங்கு கால்கள் மெல்லியவையாக இருக்கும் என்பதால், கடையிலேயே ஒரு லிட்டர் தண்ணீருடன் பாத்திரத்தை ஏற்றி நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் கேனை ரயிலில் எடுத்துச் செல்லவே கூடாது. தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி மூன்றாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டவிரோதமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். நம் மாநிலத்திலேயே நடந்தது, மறந்துவிட வேண்டாம். அடுப்பை மட்டும் கொண்டுபோய், கேனைத் தேராதூனில் வாங்குங்கள். மலையேற்றப் பொருள் விற்கும் கடைக்கு முன்பே பேசி, எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள்.

பாலக்கோடு பட்டறை:
என் கணிப்பு தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்பதால் கேஸ் மிச்சமாகும் அல்லவா? அப்படியானால் ஒரு கேனே போதுமே.

காவேரிப்பட்டணம் மூத்தவர்:
கொதிப்பது வேறு, வேகுவது வேறு. 3,800 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் தண்ணீர் சுமார் 87 பாகையிலேயே கொதித்துவிடும். அந்த நீரில் துவரம்பருப்பை மணிக்கணக்கில் வைத்தாலும் வேகாது. மிச்சம் எங்கே?

தொப்பூர் கணவாய்:
பருப்பு வேகவைப்பவருக்கு அது பொருந்தும். வெந்நீர் ஊற்றி உண்பவருக்குப் பட்டறைக்காரர் சொல்வது ஓரளவு சரிதானே?

ஓசூர் நடையன்:
ஓரளவு சரி, ஆனால் அந்த மிச்சம் சிறியது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் கணக்குப்படி ஏழெட்டு கிராம் கேஸ் போதும். பாதி வெப்பம் காற்றோடு போவதால் பதினைந்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியை உருக்கித் தண்ணீராக்க நேர்ந்தால் இரு மடங்குக்கு மேல் ஆகும். இருவருக்கும் சேர்த்து நாளுக்கு மூன்று லிட்டர், நான்கு நாள் என்றால் 180 கிராம் ஆகிறது. பனி உருக்குவதையும் சேர்த்தால் ஒரு கேன் போதாது, இரண்டு வேண்டும். உணவை மாற்றுவதுதான் பெரிய சிக்கனம். நம் பக்கத்துக் கேழ்வரகு மாவை வறுத்துக்கொண்டு போனால் 87 பாகை நீரிலேயே களியும் கூழும் நன்றாக வெந்துவிடும். அவலும் வறுத்த ரவையும் அப்படியே.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். காற்று அடிக்கிறதே என்று அடுப்பையும் கேனையும் சேர்த்துத் தகடு சுற்றி மூடாதீர்கள். வெப்பம் கேனுக்குள் ஏறினால் வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் மறைப்பு வையுங்கள். கூடாரத்துக்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். இரவில் கேனை உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் நன்றாக எரியும். எரியும்போது தளர்ந்தால், கை தாங்கும் வெதுவெதுப்பான நீருள்ள தட்டில் நிறுத்தலாம், சுடுநீரில் மட்டும் வேண்டாம்.

காவேரிப்பட்டணம் மூத்தவர்:
கேன் நடுவழியில் தீர்ந்தால் விறகு பொறுக்கலாம் என்று எண்ண வேண்டாம், தம்பி. அந்த மலை சரணாலயப் பகுதிக்குள் இருக்கிறது. நம் பக்கத்துக் காவேரி தெற்கு, வடக்குச் சரணாலயங்களிலும் இதே கட்டுப்பாடுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் எத்தனை பேரை இழந்தோம் என்பதை நினைத்துக்கொள்.

தொப்பூர் கணவாய்:
அந்தப் பழைய இணைப்பானை உள்ளூரில் பயன்படுத்தும்போது, படுக்கவைக்கும் கேனின் விளிம்பிலுள்ள வெட்டு மேல்பக்கம் இருக்கட்டும். மாறினால் ஆவிக்குப் பதில் திரவமே வந்து தீ குப்பென்று எழும்.

அதியமான்கோட்டையான்:
எல்லோருக்கும் நன்றி. திருகு மரை அடுப்பு வாங்கிவிட்டேன். தேராதூன் கடையில் இரண்டு கேன்களுக்குச் சொல்லிவைத்தாயிற்று. அம்மா கேழ்வரகு வறுத்துக்கொண்டிருக்கிறார்.