நிலவறைக்குக் கொல்லைப்பக்கம் வாசல் வைக்கலாமா? மண் களி, கும்பகோணம் பக்கம்

கேள்வி

கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில் பழைய ஓட்டு வீடு. வீட்டின் பின்பகுதியான கடைசிக் கட்டில் ஒரு அறைக்குக் கீழே 10க்கு 12 அடியில் நிலவறை. இறங்க ஒரே வழி, அந்த அறைக்குள் இருக்கும் பலகை மூடியும் ஏணியும்தான். தேங்காய், பம்புசெட் சாமான், பைப்பு எல்லாவற்றையும் வாசல் வழியாகச் சுற்றித் தூக்கி வர வேண்டியிருக்கிறது. கொல்லையிலிருந்து நேராக இறங்கப் படியும் கதவும் வேண்டும். சுவர் 18 அங்குலம், சுண்ணாம்புக் காரை. மேஸ்திரி "நாலு நாள் வேலை, இடிச்சு நிலை வச்சிடலாம்" என்கிறார். எங்கே உடைப்பது, எவ்வளவு தோண்டுவது?

பதில் 1

சுவர் அப்புறம் சார். முதலில் தண்ணீர். ஐந்து அளவு சொல்லுங்கள்: கொல்லை மட்டத்திலிருந்து நிலவறைத் தரை எத்தனை அடி கீழே, நிலவறைக் கூரையான மச்சைத் தாங்கும் கட்டையின் கீழ்ப்பக்கம் எத்தனை அடி மேலே, கட்டைகள் எந்த இரண்டு சுவரில் உட்கார்ந்திருக்கின்றன, கார்த்திகையில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, பெருமழையில் கொல்லையில் எவ்வளவு தேங்குகிறது.

இன்னொன்று. மேஸ்திரியிடம் 'பேஸ்மெண்ட்' என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் அது தரைக்கு மேலே எழுப்பும் அடிமட்டம். அவர் 'நாலு நாள்' என்றதே அந்தக் குழப்பமாக இருக்கலாம். நிலவறை என்றே சொல்லுங்கள்.

கேட்டவர்

தரை 4½ அடி கீழே. மச்சுக் கட்டையின் அடி கொல்லையிலிருந்து 3 அடி மேலே. வீடு நல்ல உயரம். கட்டைகள் இரண்டு பக்கச் சுவரில். கொல்லைச் சுவரில் எதுவும் உட்காரவில்லை. கிணறு கார்த்திகையில் 4 அடி, சித்திரையில் 14 அடி. மழையில் கொல்லையில் 4 அங்குலம் நிற்கும். கார்த்திகையில் நிலவறையின் ஒரு மூலையில் கசிகிறது.

பதில் 2

கசிவுக்குக் காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது: அந்த மாதத்தில் நிலத்தடி நீர் நிலவறைத் தரையைவிட அரை அடி உயரத்தில் நிற்கிறது. வெளியே படிக்குழியையும் 4½ அடிக்கு இறக்கினால் அதுவும் கிணறுதான். தெருவே நிரம்பும் வருஷத்தில் களிமண் மேல்மட்டம் வரை ஊறிவிடும். அப்போது 5 அடி ஆழத்தில் இருக்கும் தளத்தைத் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ விசையில் மேலே தள்ளும். 6 அங்குலக் கான்கிரீட்டின் எடை 360 கிலோதான். தளம் வெடித்துக் கிளம்பும்.

அதனால் பாதி ஆழத்தை வெளியே வையுங்கள், மீதியை உள்ளே இறங்குங்கள். வெளித்தளம் 2½ அடி ஆழம் போதும். 6 அங்குலக் கான்கிரீட்டின் அடி 3 அடியில் நிற்கும். கார்த்திகைத் தண்ணீருக்கு 1 அடி மேலே. கதவின் கீழ்ப்படி தளத்திலிருந்து 6 அங்குலம் உயரம், அதாவது கொல்லைக்கு 2 அடி கீழே. கதவின் தலை 3 அடி மேலே. 5 அடி உயரம் கிடைக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும், பழைய வீட்டு நிலைகளுக்கு அது புதிதல்ல.

குழியைச் சுற்றி 1 அடி உயரத் திட்டுச் சுவர் கட்டாயம். திட்டுக்கு வெளியே 6 அங்குலப் படி இரண்டு ஏறி, உள்ளே 42 அங்குலம் இறங்குவீர்கள்: 7 அங்குல உயரத்தில் 6 ஏற்றம், 10 அங்குல மிதி 5. அடியில் 3½ அடித் தளம். குழியின் உள்நீளம் 7 அடி 8 அங்குலம், அகலம் 3½ அடி. படி சுவரை ஒட்டி ஓடக்கூடாது, சுவரிலிருந்து நேரே வெளியே போகட்டும். ஒட்டி ஓடினால் கடைக்கால் நீளமாகத் திறந்து நிற்கும். அக்கம்பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வீட்டு மூலையிலிருந்து 3 அடியாவது தள்ளி வையுங்கள். முதலில் சுவரோரம் ஒரு சிறு சோதனைக் குழி போட்டு, கடைக்கால் உங்கள் தோண்டலைவிடக் கீழே போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கான்கிரீட் 1:1½:3. அடித்தளமும் சுவரும் 6 அங்குலம், 10 மி.மீ. கம்பி இரு திசையிலும் 6 அங்குல இடைவெளி, மண் பக்கம் 2 அங்குலம் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்). அடித்தளத்தை வீட்டுப்பக்கம் தவிர மூன்று பக்கமும் 9 அங்குலம் வெளியே நீட்டுங்கள். மேலே விழும் மண்ணும் எடையாகிக் குழியை அழுத்திப் பிடிக்கும். மொத்தம் சுமார் 55 கன அடி: சிமெண்ட் 13 மூட்டை, மணல் 24, 20 மி.மீ. ஜல்லி 49 கன அடி. வீட்டுச் சுவரோடு கம்பியைப் பிணைக்காதீர்கள். களி காய்ந்து சுருங்கும், நனைந்து உப்பும். புதுக்குழியும் பழைய வீடும் ஒரே மாதிரி அசையாது. நடுவில் 1 அங்குல இடைவெளி விட்டு, தெர்மோகோல் பலகை வைத்து, மேல் வாயை வளையும் சீலண்டால் அடையுங்கள்.

பதில் 3

மேலே சொன்னது சரி. சுவர் உடைக்கும் முறையைச் சேர்க்கிறேன். கட்டை உட்காராத கொல்லைச் சுவர் கிடைத்தது அதிர்ஷ்டம். பிரேக்கர் மெஷின் கூடாது. காரை பொடிந்து மேலே இருக்கும் கல்லெல்லாம் தளர்ந்துவிடும். உளியும் சுத்தியலும்தான்.

லிண்டலை (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) முன்பே தரையில் வார்த்து 14 நாள் நீர் ஊற்றி வையுங்கள். ஒவ்வொன்றும் 4½ அடி நீளம், 9 அங்குல அகலம், 6 அங்குல உயரம், இரண்டு. அடியில் 12 மி.மீ. கம்பி 3, மேலே 10 மி.மீ. கம்பி 2, 5 அங்குலத்துக்கு ஒரு ரிங். ஒன்று 115 கிலோவுக்கு மேல் வரும், தூக்க நாலு ஆள் வேண்டும். மேல்பக்கத்தில் பெயிண்டால் 'மேல்' என்று எழுதுங்கள். தலைகீழாக வைத்தால் கம்பி தப்பான பக்கம் போய்விடும்.

முதலில் வெளிப்பக்கம் 9 அங்குல ஆழத்துக்கு மட்டும் வெட்டி ஒன்றை வையுங்கள், இரண்டு பக்கமும் 9 அங்குலம் உட்கார வேண்டும். மேல் இடுக்கில் 1:2 கலவையை ஈரம் குறைவாகப் பிசைந்து, கடப்பா சில்லுகளோடு அடித்து இறுக்குங்கள். ஏழு நாள் கழித்து உள்பக்கம் இன்னொன்று. அதற்கும் ஏழு நாள். பிறகுதான் கீழே வாசல் திறக்க வேண்டும். நாலு நாளில் முடியவே முடியாது.

பதில் 4

மச்சு உயரம் 7½ அடி இருக்கும்போது, நிலவறைத் தரையையும் 9 அங்குலம் ஏற்றிவிடலாமே? 5 அங்குலம் ஜல்லி, மேலே பாலிதீன் ஷீட், 4 அங்குலம் கான்கிரீட். கார்த்திகை நீர்மட்டத்துக்கு 3 அங்குலம் மேலே வந்துவிடும், உயரம் 6 அடி 9 அங்குலம் மிச்சம். கதவிலிருந்து உள்ளே 21 அங்குலம்தான், 7 அங்குலமாக மூன்று ஏற்றம். உள்சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். ஓதம் வெளியேற வழியின்றி மேலே ஏறி உப்புப் பூக்கும். சுண்ணாம்பு போதும்.

பதில் 2

நல்ல யோசனை, இதையும் சேர்த்தே செய்யுங்கள். வேலைக்காலம்: மேட்டூர் ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறப்பது வழக்கம். வாய்க்கால் காய்ந்தபின் மார்ச் முதல் மே வரை தோண்டுங்கள். குழியைச் சுற்றி மணல் நிரப்பாதீர்கள். களிக்குள் மணல் என்றால் தொட்டி மாதிரி நீர் தேங்கும். எடுத்த களியையே 6 அங்குல அடுக்காக இடித்து, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள்.

கேட்டவர்

மழைக்கு மேலே ஷீட் போடுவேன். பம்பு வேண்டுமா? கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?

பதில் 3

குழியின் பரப்பு 27 சதுர அடி. ஷீட் இல்லாமல் 100 மி.மீ. மழை பெய்தால் 250 லிட்டர் விழும். ஷீட்டை மூன்று பக்கமும் 1½ அடி வெளியே நீட்டி, ஓட்டுத் தாழ்வாரத் தண்ணீர் அதில் விழாமல் தகரக் கால்வாயும் வையுங்கள். தள மூலையில் 2க்கு 1½ அடி, 10 அங்குல ஆழத்தில் சிறு குழி, மேலே சன்னமான கம்பி வலை. எலியும் பாம்பும் அதில் பதுங்கக்கூடும். மிதவை சுவிட்ச் வைத்த சின்ன சம்ப் பம்பு, வெளிக்குழாயில் ஒருவழி வால்வு. ஆனால் பம்பை மட்டும் நம்பாதீர்கள்: 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கிழக்கு டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்குத்தான் திட்டும் உயர்ந்த கீழ்ப்படியும்.

கதவு வெளியே திறக்கட்டும். குழியில் நீர் நின்றால் அது கதவை நிலையோடு சேர்த்து அழுத்தும். உள்ளே திறக்கும் கதவென்றால் தாழ்ப்பாளைத்தான் தள்ளும். மரக்கதவு ஐப்பசியில் உப்பிச் சிக்கும், கால்வனைஸ் சட்டமும் தகடும் போடுங்கள். விதைநெல்லை அங்கே வைக்காதீர்கள். டீசல் இன்ஜினை வைக்கலாம், உள்ளே ஓட்டிப் பார்க்கக் கூடாது, புகை வெளியேறாது.