பொக்காரா–ஜோம்சோம்: 20 நிமிடம் பறக்க இரண்டு நாள்

நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் ஜோம்சோம் வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது, "பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு எவ்வளவு நேரம்?" என்றுதான். பறப்பது 20 நிமிடம். நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ., சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம். எனக்கும் அம்மாவுக்கும் அதற்கு இரண்டு நாள் ஆனது.

முதல் நாள் காலை ஐந்தரைக்கே விமான நிலையத்தில் நின்றோம். பைகளை மட்டுமல்ல, எங்களையும் எடை போட்டார்கள். 19 இருக்கை கொண்ட ட்வின் ஆட்டர் என்ற குட்டி விமானம். ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் தராசில் ஏறினார். அதற்கும் சேர்த்துக் காசு கேட்பார்களோ என்ற பயம்!

அப்புறம் காத்திருப்பு. பொக்காராவில் மூடுபனி. அது விலகி வெயில் வந்தபோது ஜோம்சோமில் காற்று எழுந்துவிட்டது. பத்தரைக்கு கவுண்டரில் இருந்த பெண் கையை விரித்தார். அவ்வளவுதான், நாளைக்குப் பார்க்கலாம்.

மதியம் போனால் என்ன என்று நானும் கேட்டேன். வெயில் ஏற ஏற வடக்கே உள்ள உயர்ந்த பீடபூமி சூடாகி, கீழிருந்து காற்றை இழுக்கிறது. அது மேலே போக இருக்கும் சந்து காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தவளகிரி, இரண்டுமே 8000 மீட்டருக்கு மேல். விமானத்துக்கும் அதே சந்துதான் வழி. அதனால் காலை சில மணி நேரம் மட்டுமே விமானம் ஓடும்.

மறுநாள் ஏழு மணிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பணிப்பெண் தட்டில் மிட்டாயும் காதில் வைக்கப் பஞ்சும் நீட்டினார். ஜன்னலில் பார்த்தால் பனிமலை கீழே இல்லை. பக்கத்தில் இருக்கிறது, அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. பஞ்சு கைக்குள்ளேயே கசங்கிக் கிடந்தது.

ஜோம்சோம் 2736 மீட்டர் உயரம், பொக்காரா 800 சொச்சம். இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கோயில் இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே. திவ்யதேசம் பார்க்கும் அவசரத்தில் அன்றே மேலே ஓடாதீர்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டையும் ஒட்டினாற்போல் போடாதீர்கள்.

* * *

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்:

அண்ணா, உங்களுக்கு ஒரு நாள்தான் போனது. எங்களுக்கு இரண்டு நாளும் ரத்து. பொறுமை போய் ஜீப் பிடித்துவிட்டோம். பேனி, தாதோபானி வழியாக சுமார் 160 கி.மீ., பத்து மணி நேரத்துக்கு மேல். ரூப்சே அருவி தாண்டியதும் டயர் பஞ்சர். ஓட்டுநர் ஜாக்கி போட, நாங்கள் சக்கரத்துக்கு அண்டைக் கல் தேடினோம். உடம்பு நொந்ததே தவிர, மெல்ல மெல்ல ஏறியதால் யாருக்கும் தலைவலி வரவில்லை.

திரும்பும்போது விமானம் கிடைத்தது. கீழே சாலை நூலாகத் தெரிந்தது. பையன் ஜன்னலில் விரலை அழுத்தி, "அப்பா, அங்கதானே டயர் மாத்தினோம்?" என்றான். எந்த இடம் என்று நான் குனிந்து பார்ப்பதற்குள் பொக்காரா ஏரி வந்துவிட்டது.