புதுப்பிப்பு: ‘டச்சுக்காரர் சுரங்க’க் கல் தங்கமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள சூப்பர்ஸ்டிஷன் மலையில், ‘தொலைந்துபோன டச்சுக்காரர் சுரங்கம்’ என்று கதைகளில் பேசப்படும் தங்கச் சுரங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன ஒருவர் எனக்கு விற்ற மஞ்சள் கல் உண்மையில் தங்கமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மெருகிடாத பீங்கானில் உரசிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. குளியலறை ஓட்டின் பின்புறத்தில் உரசியபோது, தங்கம் விடும் மஞ்சள் கோட்டுக்குப் பதிலாகப் பச்சை கலந்த கறுப்புக் கோடு விழுந்தது; சுத்தியலால் தட்டியதும் நசுங்கித் தட்டையாகாமல் பொடிந்து, கந்தக நெடி அடித்தது. ஆகவே அது தங்கம்போல் மின்னும் இரும்புப் பைரைட் என்னும் கனிமம். காந்தச் சோதனை பயன்படவில்லை, ஏனெனில் தங்கம், பைரைட் இரண்டுமே சாதாரணக் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

நான் எதிர்பாராதது வேறொன்று: அம்மலையின் பெரும்பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாக இருப்பதால், 1984 முதல் அங்கே புதிதாகச் சுரங்க உரிமை கோர முடியாது; எனவே கல்லை விற்றவர் பெருமையுடன் காட்டிய ‘புதிய உரிமைப் பத்திர’மும் செல்லாது. அந்தச் சுரங்கக் கதையின் நாயகரான ஜேக்கப் வால்ட்ஸ்கூட (1891இல் இறந்தவர்) டச்சுக்காரர் அல்லர், ஜெர்மானியர்.