மறுமொழி: இதயத்துக்குள் செலுத்தும் கதீட்டருக்கு ‘வடிகுழாய்’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> வடிகுழாய் என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே இதயத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, கதீட்டர் என்பது உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய். சிறுநீரை வெளியேற்றும் கதீட்டருக்கு வடிகுழாய் பொருத்தமான சொல்தான். உங்கள் பக்கம் வரலாறும் இருக்கிறது. 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற மருத்துவர் தன் முழங்கைச் சிரை வழியாகத் தன் இதயத்துக்குள் செலுத்திக்கொண்டது சிறுநீர்க்குழாய்க்கென்று செய்த கதீட்டரைத்தான். 65 செ.மீ. உள்ளே போன நிலையில் எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் இதயத்துக்குப் போகிற கதீட்டரின் வேலை வடிப்பது இல்லை. அழுத்தத்தை அளக்கிறது, சாயத்தைச் செலுத்துகிறது, அடைப்பை விரிக்கும் பலூனையும், அது மறுபடி சுருங்காமல் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒப்புதல் படிவத்தில் ‘இதய வடிகுழாய்’ என்று படிக்கிற நோயாளி, இதயத்திலிருந்து ரத்தத்தை வடித்து எடுக்கப்போகிறார்கள் என்றுதானே நினைப்பார்? பயந்துபோய் இருக்கிற ஒருவர் படிக்கப்போகும் சொல் இது.

என் பரிந்துரை: நுழைகுழல். வடிகுழாய் போலவே இதுவும் வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. இதய நுழைகுழல், பலூன் நுழைகுழல் என்று நீட்டவும் எளிது.

அடுத்தது ஷீத், அதாவது கதீட்டர் உள்ளே போய்வருவதற்காக ரத்தக்குழாயில் முதலில் பொருத்தும் குழல். இங்கேதான் கவனம் தேவை. 1953இல் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் அடிப்படை. ஊசியால் நாளத்தை (ரத்தக்குழாயை) குத்தி, ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழலை ஏற்றுவது. குழலைவிடப் பெரிய ஊசியால் குத்தாமலே குழலை உள்ளே விட இதுதான் வழி செய்தது. அந்தக் கம்பி வழிக்கம்பி. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் கம்பியின் மேல் முதலில் ஏறுவது ஷீத். அதன் வாயில் உள்ள வால்வு ரத்தம் வெளியே வராமல் தடுக்கும். அதன் வழியாக எத்தனை கதீட்டரை வேண்டுமானாலும் மாற்றி மாற்றி விடலாம், நாளத்தை மறுபடி குத்த வேண்டாம்.

இதற்கு ‘உறைகுழல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கத்திக்கு உறை மாதிரி என்பது புரிகிறது. ஆனால் ரத்தம் ‘உறைவது’ இந்தச் சிகிச்சையில் தனி ஆபத்து, அதைத் தடுக்கவே ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். ஒரே பத்தியில் உறைகுழலும் உறைதலும் வந்தால் குழப்பம்தான். அதனால், வாயில் (வாசல்) போன்ற குழல் என்ற பொருளில், வாயிற்குழல் என்கிறேன். அளவையும் பாருங்கள்: 6 பிரெஞ்சு (குழல்களின் பருமனைச் சொல்லும் அலகு), அதாவது 2 மி.மீ. என்பது கதீட்டருக்கு வெளிவிட்டம், ஷீத்துக்கு அதற்குள் நுழையக்கூடிய கதீட்டரின் அளவு. வாயில் என்றால் இந்த வேறுபாடும் இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

குழலை உடலுக்குள் விடும் இடத்தைக் குறிக்கும் ‘ஆக்சஸ்’ என்பதற்குப் புகுவழி. மணிக்கட்டுப் புகுவழி, தொடைப் புகுவழி என்று சொல்லிப் பாருங்கள், நன்றாகவே இருக்கிறது. மணிக்கட்டு வழியில் ரத்தக்கசிவு குறைவு, நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கலாம். படிவத்தில் இரண்டையும் ஒப்பிட்டு எழுத இந்தச் சொல் கைகொடுக்கும்.

ஒன்று மட்டும் இன்னும் இடறுகிறது. மேலே ரத்தக்குழாய்க்குப் பொதுவாக ‘நாளம்’ என்று எழுதினேன். இலங்கைப் பாடநூல்களில் நாடி என்றால் தமனி, நாளம் என்றால் சிரை. அங்குள்ள வாசகர் ‘நாளப் புகுவழி’யைச் சிரை வழி என்றே படிப்பார். குருதிக்குழல் என்றால் குழலோடு குழல் மோதுகிறது. இருதரப்புக்கும் பொதுவான சொல் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை தமனிப் புகுவழி, சிரைப் புகுவழி என்று பிரித்தே எழுதலாம்.