சங்கத் தலைவரா சார்ஜ் எடுத்த அன்னைக்கு நடந்தது: மனசுல நிக்கிறதைச் சொல்லுங்க

புதுவயல் ரோடு:

ஜூன் கடைசி வந்து, காரைக்குடில எந்த மண்டபத்து வாசல்ல பதவியேற்பு ஃபிளெக்ஸ் பார்த்தாலும் எனக்கு அந்த ராத்திரி ஞாபகம்தான். நான் ரோட்டரி தலைவரா இருந்து மூணு வருஷம் ஆச்சு. பெட்ஸ்ங்கற தலைவர் பயிற்சி, ஏ.ஜி.ங்கற உதவி ஆளுநர், தலைவர் கழுத்துல போடுற காலர்ங்கற பதவிப் பட்டை, இதெல்லாம் இங்க இருக்கறவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. நேரா விஷயத்துக்கு வரேன்.

ஆறரைக்கு விழான்னு அழைப்பிதழ்ல போட்டோம். சிறப்பு விருந்தினர் வந்தப்ப எட்டாகிருச்சு. இறைவணக்கம், நால்வழிச் சோதனைங்கற ரோட்டரியோட நாலு கேள்வி, ஆண்டறிக்கை, காலர் மாத்துறது, பொன்னாடை, அப்புறம் இன்னும் பொன்னாடை. நலத்திட்ட உதவிக்கு வந்தப்ப மணி ஒன்பதரை. ஒரு அம்மாவுக்குத் தையல் மிஷின். கால் மிஷின், இரும்பு ஸ்டாண்டோட. ரோஸ் ரிப்பன் கட்டி மேடைல வச்சிருந்தோம். அவங்க வந்தாங்க, ஆளாளுக்கு மிஷின் மேல கை வச்சோம், போட்டோ எடுத்தாச்சு.

பத்தேகாலுக்குச் சாப்பாடு. வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், கோழி. நான் காலரைக் கழட்டாமலே தட்டோட வாசலுக்கு வந்தேன், யாரையோ வழியனுப்ப. அந்த அம்மா மிஷினை வாசப்படி ஓரம் போட்டுட்டு நிக்குறாங்க. மகளுக்கு ஏழெட்டு வயசு இருக்கும், மிஷின் பலகைல தலையை வச்சுத் தூங்குது. புதுவயலுக்கு அந்தாண்ட உள்ள தள்ளி ஊரு. கடைசி பஸ் எட்டேகாலுக்கே போயிருச்சாம்.

“சாப்பிட்டீங்களாம்மா?”ன்னேன். சிரிச்சாங்க. சாப்பாட்டுக்கு மெம்பர்களுக்கு டோக்கன். டோக்கன் இல்லாதவங்க சாப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லல. வாங்க சாப்பிடுங்கன்னும் யாரும் சொல்லல.

என் கார் டிக்கில ஸ்டாண்டு நுழையல. ஒரு குட்டியானையைப் பிடிச்சோம். டிரைவர் அறுநூறுன்னான். அந்த அம்மா என் காலரையே பார்த்துக்கிட்டு மெதுவா கேட்டாங்க: “வாடகை நான் குடுக்கணுமா தம்பி?”

குடுத்துட்டேன், அது பெருசில்ல. மூணு மணி நேரத்துக்கு முன்னாடி அதே மண்டபத்துல எல்லாரும் எந்திரிச்சு நின்னு, நால்வழிச் சோதனைல வர்ற “சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமானதா?”ன்னு கோரஸா சொன்னோம். அந்தக் கேள்வி அவங்க வாயில இருந்து வந்த விதம் இருக்கே, அதுதான் போக மாட்டேங்குது.

பெட்டிச்சாவி:

எனக்கு மேடைல ஒண்ணும் நடக்கல. மறுநாள் காலைலதான். போன வருஷத் தலைவர் ஒரு பச்சை டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து திண்ணைல இறக்கிட்டு, “எல்லாம் இதுல இருக்கு அண்ணே”ன்னு போயிட்டாரு. சாவி இல்ல. பூட்டை உடைச்சா உள்ள என்ன? சங்கத்து மணி, சுத்தியல், மினிட்ஸ் புக்கு ரெண்டு, பிரிக்காத பொன்னாடை பதினாலு, யாரோ வாங்காம போன கேடயம் ரெண்டு, ஒரு பாஸ்புக்கு.

எங்க ஐயா அப்ப இருந்தாக. பர்மாவுல பெட்டியடில, அதான் கடைக் கணக்குப் பெட்டி முன்னாடி, உக்காந்த மனுஷர். முகப்புல ஈஸிசேர்ல சாஞ்சுக்கிட்டே லென்ஸை வச்சுப் பாஸ்புக்கைப் பாத்தாக. “ஐந்தொகை எங்கடா?”ன்னாக. வரவு செலவு, இருப்பு, பாக்கி எல்லாம் அடக்கின மொத்தக் கணக்கைக் கேக்குறாக. ஐயா, இதெல்லாம் சர்வீஸ் கிளப்புன்னேன். “கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டி யாவாரத்துக்குப் போன ஆளு, மூணு வருஷக் கணக்கு முடிஞ்சு ஊருக்குத் திரும்பறதுன்னா, அடுத்து வர்றவன்கிட்ட ஐந்தொகை போட்டு ஒப்படைச்சுட்டுத்தான் கப்பல் ஏறணும். நீங்க ஒரு வருஷத்துக்கே சால்வையைக் குடுத்து அனுப்பிர்றீக.”

அவுக சொன்னது அப்படியே நடந்துச்சு. பேங்க்ல கையெழுத்து மாத்தத் தீர்மான நகல் வேணும், பழைய பொருளாளர் கையெழுத்தும் வேணும்னாங்க. அவரு மக வீட்டுக்கு சிங்கப்பூர் போயிட்டாரு. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் என் சொந்தக் காசுலதான் சங்கம் ஓடுச்சு. இதுக்கு நடுவுல இன்டர்நேஷனல் சந்தா பில். ஜூலை 1 அன்னைக்கு லிஸ்டுல எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கட்டணும். விலகிப் போன ஆறு பேரை யாரும் ஜூனுக்குள்ள லிஸ்டுல இருந்து எடுக்கல. வராத ஆறு பேருக்கும் சேர்த்துக் கட்டினேன். ஐயாகிட்ட இதைச் சொல்லல.

கழனிவாசல்:

புதுவயல் ரோடு அவர்களுக்கு, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். உங்கள் விழா சொதப்பியதற்குக் காரணம் பஸ் அல்ல, தேதி. எந்தத் தேதி என்று எழுதவில்லை. ஆடி பிறந்த பிறகு வைத்திருப்பீர்கள். நாங்கள் ஒரு முறை ஆடி முதல் வெள்ளியில் வைத்தோம். காலர் போடும் நேரம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, இருட்டில் செயலாளர் கழுத்துக்குத் தலைவர் காலர் விழுந்துவிட்டது. அந்த வருடம் முழுக்கச் செயலாளர்தான் தலைவர் மாதிரி நடந்துகொண்டார்.

புதிதாக வருபவர்களுக்குச் சில யோசனைகள். மண்டபத்தைப் பொங்கல் முடிந்ததுமே பிடியுங்கள். ஆனியில் முகூர்த்தம் நெருக்கடி, ஞாயிறு கிடைக்காது, புதன், வியாழன் பரவாயில்லை என்று எடுத்துவிடுங்கள். சிறப்பு விருந்தினராக உள்ளூர்க்காரரை அழைத்தால் நேரத்துக்கு வருவார், மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறவரைத் திருப்பத்தூர் தாண்டிவிட்டாரா, திருமயம் தாண்டிவிட்டாரா என்று போனில் பின்தொடர ஒரு ஆள் போடுங்கள். அழைப்பிதழில் முன்னாள் தலைவர்கள் பெயரைப் பதவி வகித்த ஆண்டு வரிசையில் போடுங்கள், அகர வரிசையில் போட்டு நாங்கள் பட்டது போதும். பொன்னாடை மொத்தமே ஐந்து. வரவேற்புரை நான்கு நிமிடம். பொருளாளரை விழா முடியும் வரை சமையல்கட்டுப் பக்கம் விடாதீர்கள். மைக்செட்காரரிடம் தேசிய கீதம் இருக்கிறதா என்று முன்கூட்டியே போட்டுக் கேளுங்கள், எங்களுக்குக் கடைசி நிமிடத்தில் பக்திப் பாட்டு வந்தது. நன்றியுரை சொல்பவர் பேப்பர் பார்த்துப் படிக்கட்டும், மனப்பாடமாகச் சொல்கிறேன் என்பார், நம்பாதீர்கள்.

பெட்டிச்சாவி:

யாரும் கேக்கலியே அண்ணே. விழா எப்ப வச்சாலும் ஜூலை 1 பொறந்ததுமே பதவி வந்துருது. அதுக்கு ஆடியும் தெரியாது ஆனியும் தெரியாது. காலர் விழுந்தாத்தான் தலைவர்ங்கறது நம்ம நெனப்பு. அவரு எழுதுனது ஒரு அம்மா ராத்திரி பசியோட நின்னதைப் பத்தி.

தேவகோட்டை ஆச்சி:

எங்கள் சங்கத்தில் நான்தான் முதல் பெண் தலைவர். ரோட்டரியில் பெண்களைச் சேர்க்க உலக அளவில் வழி திறந்ததே 1989இல்தான். எங்கள் ஊருக்கு அது வந்து சேர இன்னும் கொஞ்சம் நாளானது, அது போகட்டும்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் இருபது வருடமாக ஒரே தாளை வைத்துப் படிப்பவர். தலைவர் பெயரை மட்டும் வருடா வருடம் மாற்றிக்கொள்வார். எனக்குக் காலர் போட்டு முடிந்ததும், அதே கம்பீரக் குரலில், “அடுத்ததாக, தலைவரின் துணைவியாரை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்” என்றார். மண்டபம் கப்சிப்.

எங்க வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் இருந்து எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக மேடை ஏறினார். அங்கே ஒரு தட்டில் மல்லிகைப்பூவும் குங்குமச் சிமிழும் தயாராக இருந்தன. கொடுக்க வந்த பெண்ணுக்குக் கை நடுங்கியது. அவர் பூவை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தாளை அடுத்த ஜூலைக்குள் நான் திருத்தி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எனக்குப் பிறகு வந்தவர் ஆண். தாள் மறுபடியும் பொருந்திப் போனது.

கோட்டையூர் சிங்கம்:

நம்ம லயன்ஸ் பக்கம் இருந்தும் ஒண்ணு. நால்வழிச் சோதனைன்னு உருகுறவங்களுக்கு ஒரு தகவல். அதை எழுதினவரு 1932ல, முங்கிப்போக இருந்த அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தறதுக்காக எழுதினாரு. ரோட்டரி ஏத்துக்கிட்டது அப்புறந்தான். பாத்திரத்துக்கு உருகற ஊரு நம்மூரு, அதுனால கோச்சுக்க மாட்டீங்க. எங்களுக்கு 1925லயே ஹெலன் கெல்லர் வந்து மாநாட்டுல நின்னு, பார்வை இல்லாதவங்களுக்குத் துணையா நில்லுங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அதுல இருந்து கண்ணு எங்க வேலை.

நான் சார்ஜ் எடுத்த முதல் ஞாயித்துக்கிழமையே கண் முகாம். ஸ்கூல் வராண்டாவுல வரிசை. ஆபரேஷன் தேவைப்பட்டவங்களை பஸ்ல மதுரைக்கு அனுப்பணும். ஒரு பெரியவர், ரெண்டு கண்ணுலயும் புரை. படி ஏற முடியல. நான்தான் கையப் பிடிச்சு, “இன்னும் ஒரு படி ஐயா, தலையைக் குனிங்க, கம்பி இருக்கு”ன்னு சீட்டு வரைக்கும் கொண்டுபோய் உக்கார வச்சேன். உள்ளுக்குள்ள ஒரு பெருமை, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்த அன்னைக்கும் போய் நின்னேன். கருப்புக் கண்ணாடியோட தானா இறங்கினாரு. என் குரலைக் கேட்டதும் நின்னுட்டாரு. கண்ணாடியை லேசாத் தூக்கி, உச்சந்தலைல இருந்து செருப்பு வரைக்கும் என்னைப் பார்த்தாரு. “நீதானா? குரலுக்கு ஆளு பெருசா இருப்பேன்னு நெனச்சேன்”ன்னுட்டுப் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

என் ஹைட்டு அஞ்சடி ரெண்டு அங்குலம். இதை வீட்டுல சொன்னதில்ல.

வரத்துக்கால்:

ரோட்டரியா லயன்ஸான்னு இங்கயும் ஆரம்பிச்சாச்சா. ரெண்டு பேரும் எங்க ஊருணியை வந்து பாருங்க. நான் தலைவரா வந்த வருஷம் முதல் திட்டமே ஊருணி தூர்வாரறது. ஜேசிபி, பேனர், எல்லாருக்கும் தொப்பி. பத்து நாள்ல கண்ணாடி மாதிரி வழிச்சு எடுத்தோம். ஐப்பசி மழை நல்லா அடிச்சுச்சு. குடையோட ஓடிப்போய்ப் பார்த்தா உள்ள கணுக்கால் அளவு தண்ணி. படித்துறைல ஆடு மேய்க்கிற அம்மா உக்காந்திருந்துச்சு. “குழியை வெட்டிட்டீக, வரத்துக்காலை யாரு வெட்டுவா?”ன்னு கேட்டுச்சு. மழைத்தண்ணி வந்து சேர்ற கால்வாய் மேல ரெண்டு வீட்டு காம்பவுண்டு சுவரு. அதுல ஒண்ணு எங்க சங்கத்து மெம்பரோடது.

சுவரு இன்னும் இருக்கு. அவருதான் இந்த வருஷம் தலைவர்.

கழனிவாசல்:

அதற்குத்தான் திட்டக்குழு முன்கூட்டியே களஆய்வு செய்ய வேண்டும் என்பது. மூன்று பேர் கொண்ட குழு போட்டு, தாசில்தார் அலுவலகத்தில் வரைபடம் வாங்கி, பிறகு

பெட்டிச்சாவி:

அண்ணே.

தேவகோட்டை ஆச்சி:

புதுவயல் ரோடு தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மா இப்போது தைக்கிறார்களா? மிஷின் கொடுத்த எத்தனை பேர் தைக்கிறார்கள் என்று நாங்கள் ஒரு வருடமும் போய்ப் பார்த்ததில்லை. அதனால் கேட்கிறேன்.

புதுவயல் ரோடு:

ஆச்சி, நீங்க கேட்டதுக்கப்புறம் ரெண்டு நாளா யோசிச்சுட்டு நேத்து சாயந்திரம் போனேன். சும்மா போய் நிக்க ஒரு மாதிரி இருந்துச்சு. வீட்டுல கேட்டு ரெண்டு ஜாக்கெட் துணி வாங்கிட்டுப் போனேன்.

ஓட்டு வீடு. முன்னால கீத்து இறக்கி அதுல மிஷினைப் போட்டிருக்காங்க. ஸ்டாண்டு கால்ல ரிப்பன் இன்னும் கட்டித்தான் இருக்கு, ரோஸ் கலர் போய் எண்ணெய்க் கறுப்பா. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து கொக்கி தச்சுக்கிட்டிருந்துச்சு, நல்லா வளந்திருச்சு. அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியல. காலர் இல்லல்ல. நானும் சொல்லல.

அளவு ஜாக்கெட்டை விரிச்சுப் பார்த்துட்டு, லைனிங் வேணுமான்னு கேட்டாங்க. வேணும்னேன், எனக்கு என்ன தெரியும். முன்பணம் நூறு வாங்கிக்கிட்டாங்க. கிளம்பும்போது, “தம்பி பஸ்ஸா வண்டியா? பஸ்ஸுன்னா இப்பவே போங்க, எட்டேகாலை விட்டா இல்ல”ன்னாங்க.

புதன்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்லியிருக்காங்க.