தங்கைக்கு எடை குறைந்த லேப்டாப்: மெக்கானிக்கல் படிப்புக்குத் தாங்குமா?

கார்முகில்:

வணக்கம். என் தங்கை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு சேருகிறாள். லேப்டாப் நான் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு மாதமாகத் தேடியும் முடிவுக்கு வர முடியவில்லை. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் பஸ் பயணம், பாதி நாள் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும். அவளுக்கு ஏற்கெனவே தோள்பட்டை வலி உண்டு, அதனால் ஒன்றரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் அவளுக்குத் தெரிந்த சீனியர் ஒருவர், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் சாலிட்வொர்க்ஸ் (3டி டிசைன் மென்பொருள்), ஆன்சிஸ் (சிமுலேஷன் மென்பொருள்) எதுவும் ஓடாது, கேமிங் லேப்டாப்தான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அதெல்லாம் இரண்டரை கிலோ வருகிறது. நான் வணிகவியல் படித்தவன், இந்த மென்பொருள்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான்கு வருடம் தாங்க வேண்டும், நடுவில் இன்னொன்று வாங்க வசதி இல்லை. 14 இன்ச் திரை போதுமா, 15.6 வேண்டுமா என்பதிலும் குழப்பம். பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெம்புகோல்:

நானும் மெக்கானிக்கல்தான், இப்போது டிசைன் வேலையில் இருக்கிறேன். அந்த சீனியர் சொன்னது பாதிதான் சரி.

முதல் வருடத்தில் பெரிதாக எதுவும் ஓடப்போவதில்லை. கொஞ்சம் சி அல்லது பைத்தான், ஆட்டோகேடில் 2டி வரைபடம், அவ்வளவுதான். சாலிட்வொர்க்ஸ் வரும்போதுகூட மாணவர்கள் செய்வது தனித்தனி பாகங்கள், அப்புறம் முப்பது நாற்பது பாகங்கள் சேர்ந்த ஒரு அசெம்பிளி. இதற்கு ப்ராசஸரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் போதும். ஒரு மாடலில் அளவை மாற்றினால் அது முதலிலிருந்து கணக்குப் போட்டு வருகிறது இல்லையா, அந்த வேலையில் ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பியிருப்பதால் ப்ராசஸருக்குள் இருக்கும் பல கோர்களில் (கணக்குப் போடும் பகுதிகளில்) பெரும்பாலும் ஒன்றுதான் உழைக்கும். அதனால் ஒரு கோரின் வேகமும் ரேமும்தான் முக்கியம். கிராஃபிக்ஸ் கார்டின் பலன் நூற்றுக்கணக்கான பாகங்கள் உள்ள அசெம்பிளியைத் திருப்பிப் பார்க்கும்போதும், மாடலை நிஜப் பொருள் மாதிரிப் படமாக்கும் ரெண்டரிங் செய்யும்போதும்தான் தெரியும்.

ஆன்சிஸ் விஷயத்தில் இன்னொன்று. இலவச மாணவர் பதிப்பில் ஸ்ட்ரக்சுரல் (பாகம் பாரம் தாங்குமா என்று பார்க்கும்) கணக்குக்கு 1,28,000 நோடுகள், அதாவது கணக்குக்காகப் பாகத்தைப் பிரிக்கும் புள்ளிகள், என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்கும் கணக்கை 16 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப்பே போட்டுவிடும். அதைவிடப் பெரிய கணக்கை எவ்வளவு பலமான லேப்டாப்பிலும் அந்தப் பதிப்பில் போட முடியாது, கல்லூரி லேபுக்குத்தான் போக வேண்டும்.

நான் படிக்கும்போது இரண்டரை கிலோ கேமிங் லேப்டாப் வைத்திருந்தேன், அதன் சார்ஜர் மட்டும் முக்கால் கிலோ. முதல் செமஸ்டர் சுமந்தேன். இரண்டாவது செமஸ்டரில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன், வகுப்பில் மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கும்போதே செய்து பார்த்தார்கள், நான் இரவில் வீட்டுக்கு வந்து நினைவில் இருந்ததை வைத்துச் செய்தேன். அந்த ஒரு வருடம் எனக்கு உண்மையிலேயே நஷ்டம். உங்கள் தங்கை தினமும் எடுத்துப் போகக்கூடியதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

வெப்பக்கோடு:

மேலே உள்ளவர் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம் என்று முடிவு செய்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் இறுதியாண்டு ப்ராஜெக்ட், கேமரா படங்களை வைத்து வெல்டிங் குறைகளைக் கண்டுபிடிப்பது. அதற்கான ஏஐ மாடலைப் பழக்க என்விடியாவின் கூடா (CUDA) என்ற மென்பொருள் தேவைப்பட்டது, அது வேறு நிறுவனத்தின் கிராஃபிக்ஸில் ஓடாது. கூகுள் கோலாப் என்ற இணையச் சேவையில் இலவசமாகக் கொஞ்சம் ஓட்டலாம், ஆனால் நேரம் முடிந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும், பாதியில் நின்ற வேலையைத் திரும்ப ஆரம்பித்த இரவுகள் நிறைய.

இன்னொரு விஷயம் சூடு. மெல்லிய லேப்டாப்பில் ப்ராசஸர் முதல் அரை நிமிடம் முழு வேகத்தில் போகும், அப்புறம் சூடு வெளியேற வழி போதாமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து வினாடி வேலைக்கு அது தெரியாது. ஒரு மணி நேரம் ஓடும் சிமுலேஷனில் நன்றாகத் தெரியும்.

நடுவழியும் இருக்கிறது. ஏசுஸ் செஃபிரஸ் ஜி14, 2024 மாடல் 1.5 கிலோதான், தனி என்விடியா கார்டு உண்டு. அதனுடன் வரும் பெரிய சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டு, கல்லூரிக்கு டைப்-சி சார்ஜர் கொண்டுபோகலாம். விலைதான் கூடுதல், அது உங்களுக்குச் சரிப்படுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

திருப்புளி:

தம்பி, நான் பதினாறு வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

எடை குறைவாக இருக்கிறது என்றால், எதைக் குறைத்து அந்த எடைக்கு வந்தார்கள் என்று பாருங்கள். நல்ல முறையில் குறைத்திருந்தால் உடம்பை மெக்னீசியம் கலவையில் செய்திருப்பார்கள். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மெக்னீசியம் 1.74தான். தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். மோசமான முறை, பேட்டரியைச் சிறிதாக்குவது. 1.2 கிலோ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், உள்ளே 40 வாட்-அவர் பேட்டரிதான் இருக்கும். அந்த லேப்டாப்போடு சார்ஜரையும் சுமந்தாக வேண்டும் என்றால் என்ன லாபம்? 14 இன்ச்சில் 55 வாட்-அவருக்குக் குறையாமல் பாருங்கள்.

அடுத்தது ரேம். எடை குறைந்த மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே சோல்டர் செய்துவிடுகிறார்கள். விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர்5 அல்லது எல்பிடிடிஆர்5எக்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான், பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபி வாங்கிவிட்டு மூன்றாம் வருடம் என்னிடம் வந்து ரேம் போட்டுத் தாருங்கள் என்று கேட்கும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகும், அதனால் 16 என்பது குறைந்தபட்சம். முடிந்தால் 32 வாங்கிவிடுங்கள். எஸ்எஸ்டியை பெரும்பாலான மாடல்களில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இப்போது அதிகம் செலவழிக்க வேண்டாம்.

பையில் வைக்கும் விதமும் முக்கியம். மெல்லிய திரைகள் அதிகம் உடைவது கீழே விழுந்து அல்ல. சார்ஜரை அதே அறையில் திணித்து, நெரிசலில் பை அழுந்தும்போது மூடியின் மேல் அது குத்தி உடைகிறது. தண்ணீர் பாட்டிலையும் பைக்கு வெளியே உள்ள பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கார்முகில்:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ரேம் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, 8 ஜிபி மாடல் ஒன்றைக் கிட்டத்தட்ட முடிவே செய்திருந்தேன். இன்னும் ஒரு சந்தேகம். மேக்புக் ஏர் 1.24 கிலோ, பேட்டரியும் நாள் முழுக்க வரும் என்கிறார்கள். ஸ்னாப்டிராகன் ப்ராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகளையும் அதே காரணத்துக்காகச் சொல்கிறார்கள். இவை ஒத்துவருமா?

நெம்புகோல்:

மெக்கானிக்கலுக்கு இரண்டும் வேண்டாம். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டும்தான், ஆன்சிஸும் மேக்கில் நேரடியாக ஓடாது. முன்பு இன்டெல் ப்ராசஸர் இருந்த மேக்குகளில் விண்டோஸைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம், ஆப்பிளின் சொந்த சிப் வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது. மேக்கிற்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் என்ற மென்பொருள் வழியாக ஓட்டலாம் என்பார்கள், பரீட்சைக்கு முந்தைய இரவில் அது மக்கர் செய்தால் யாரும் உதவிக்கு வர மாட்டார்கள். ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு இருக்கிறது, கணக்கீட்டுக்கான மேட்லாப் நன்றாகவே ஓடும், ஆனால் மற்ற இரண்டும் இல்லாமல் இந்தப் படிப்பை முடிப்பது சிரமம்.

ஸ்னாப்டிராகனில் இருப்பது விண்டோஸ்தான், ஆனால் ஆர்ம் வகை, அதாவது இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட ப்ராசஸர் வகைக்கானது. சாதாரண மென்பொருள்களை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். வெளிக் கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை மட்டும் அப்படி ஓட்ட முடியாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். லேபில் ஒரு பழைய அளவீட்டுக் கருவியை யுஎஸ்பியில் செருகும்போதுதான் இந்தப் பிரச்சினை தெரியவரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள் என்றால் மேக்புக் ஏரைத் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் தங்கைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர் உள்ள விண்டோஸ் லேப்டாப்தான்.

இளவேனில்:

நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், கல்லூரிக்கு பஸ்ஸில்தான் போகிறேன், அதனால் உங்கள் தங்கையின் நிலைமை நன்றாகப் புரிகிறது அண்ணா. என்னுடையது 14 இன்ச், 1.35 கிலோ, 16 ஜிபி, தனி கார்டு இல்லை. இதுவரை கொடுத்த எல்லா வேலையும் இதில் முடித்திருக்கிறேன், கியர்பாக்ஸ் அசெம்பிளி ஒன்று மட்டும் திருப்பும்போது திக்கித் திணறியது.

திரை அளவுக்கு என் பதில், 14 போதும், ஆனால் 16:10 விகிதமாக இருக்கட்டும். 1920×1080க்குப் பதில் 1920×1200 கிடைக்கும், அந்தக் கூடுதல் 120 வரி சின்ன விஷயம் மாதிரித் தெரியும், மேலே டூல்பார் போக மிச்சம் இருக்கும் இடத்தில் வரையும்போதுதான் அருமை தெரியும். பளபளப்பு இல்லாத மேட் திரை நல்லது. வீட்டில் ஒரு 24 இன்ச் மானிட்டர் வைத்துக்கொண்டால் 15.6 பற்றிய ஏக்கமே வராது, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. 14 இன்ச்சில் எண்களுக்குத் தனி விசைகள் இருக்காது, அளவுகளைத் தட்டச்சு செய்ய அது தேவைப்படும், யுஎஸ்பி நம்பர்பேட் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பேட்டரி கணக்கு எளிது. என்னுடையது 57 வாட்-அவர். குறிப்பு எடுக்கும்போது 7, 8 வாட் இழுக்கும், ஏழு மணி நேரம் வரும். மாடலிங் செய்யும்போது 20 வாட்டைத் தாண்டும், மூன்று மணி நேரம்கூட வராது. சார்ஜர் வேண்டியிருக்கும், அதனால் 65 வாட் GaN (காலியம் நைட்ரைடு) சார்ஜர் சின்னதாக ஒன்று வாங்கினேன், கூடவே வந்ததைவிடப் பாதி எடைதான். போனுக்கும் அதுவே.

கடைசியாக ஒன்று. எடையை எண்ணாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வைத்து ஒரு நாள், மூன்று லிட்டர் வைத்து ஒரு நாள் அவளைப் பஸ்ஸில் போய்வரச் சொல்லுங்கள். இரண்டாவது, சார்ஜரோடு சேர்த்துக் கேமிங் லேப்டாப்பின் எடை.

கார்முகில்:

இளவேனில் சொன்னதை அப்படியே செய்தோம். சனிக்கிழமை ஒன்றரை லிட்டர், ஞாயிற்றுக்கிழமை மூன்று லிட்டர். ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, அண்ணா, கார்டு இல்லாததே பார் என்று சொல்லிவிட்டாள். செஃபிரஸையும் பார்த்தேன் வெப்பக்கோடு, நன்றாகத்தான் இருக்கிறது, என் கையில் இருப்பதைத் தாண்டுகிறது. அதனால் 14 இன்ச், 1.3 கிலோ, 32 ஜிபி, ஏஎம்டி ப்ராசஸர் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பேட்டரி 60 வாட்-அவர். நாளை வாங்கப் போகிறோம். கையில் வந்ததும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

திருப்புளி:

நல்ல தேர்வு தம்பி. மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இவற்றைப் பாருங்கள். திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டிலும் வைத்துப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா போர்ட்டிலும் எதையாவது செருகிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கனமான வேலை கொடுத்து ஃபேன் சத்தம் கரகரக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கும்போது உடம்பு வளைந்து டச்பேட் தானாகக் கிளிக் ஆகிறதா என்று பாருங்கள், அப்படி ஆகிறது என்றால் உடனே மாற்றிவிடுங்கள். செட்டிங்கில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால், வீட்டில் செருகியே வைத்திருக்கும் நாட்களில் அதைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், நான்கு வருடம் ஓட வேண்டிய பேட்டரி அது.